மாலைக் கூலி: திராட்சைத் தோட்டத் தொழிலாளர் உவமையும் (மத்தேயு 20:1-16) திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில்வெளியில் அதன் பொருள்கோளும்

ஆய்வுச் சுருக்கம்

நற்செய்தி உவமைகளைக் கதைமாந்தருக்கு நிகர்மாந்தர் கண்டு பொருள்கொள்ளும் முறை தமிழ்க் கிறித்தவ வாசிப்பில் வேரூன்றியுள்ளது. இம்முறைப்படி திராட்சைத் தோட்டத்து உரிமையாளர் இறைவனாகவும், மாலை இறுதித் தீர்ப்பு நாளாகவும், கூலி வீடுபேறாகவும் கொள்ளப்படுகின்றன. கூலியே வாழ்வாக உள்ள திருப்பூர்ப் பின்னலாடைத் தொழில்வெளியில் இவ்வாசிப்பு இரு இடர்களைத் தோற்றுவிக்கிறது. முதலாளியின் விருப்புரிமைக்குப் புனிதம் சேர்வது ஒன்று. அன்றன்று தரவேண்டிய கூலி பின்னொரு நாளுக்குத் தள்ளப்படுவது இயல்பாகத் தோன்றுவது மற்றொன்று. தொல்காப்பிய உவமக் கோட்பாட்டின் துணையுடனும், இரு தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளின் சொல்லாட்சியை ஒப்பிட்டும், உவமையின் மையம் ஆள் அன்று, நிகழ்ச்சியே என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உவமை, உள்ளுறை, மத்தேயு நற்செய்தி, கூலி, திருப்பூர், பின்னலாடை, சுமங்கலித் திட்டம், விவிலிய மொழிபெயர்ப்பு.

1. முன்னுரை

திருப்பூர் வட்டாரத்தில் காலம் கூலியாகவே அளக்கப்படுகிறது. பனியன் கம்பெனித் தொழிலாளர் நேரத்தை மணிக்கணக்கில் சொல்வதைவிட ஒரு ஷிப்ட், ஒன்றரை ஷிப்ட் என்று சொல்வதே மிகுதி. தையல் பகுதியில் பீஸ் ரேட் எனப்படும் உருப்படிக் கணக்கு. செக்கிங், லேபிள், கைமடி போன்ற பணிகளில் ஷிப்ட் கணக்கு. சனிக்கிழமை மாலையில் வாரச் சம்பளம். இம்மாலையைக் கடந்து ஞாயிறன்று வழிபாட்டுக்கு வரும் ஒருவர் மத்தேயு நற்செய்தியின் 20ஆம் இயலைக் கேட்கும்போது, அவர் முன் வைக்கப்படுவது அவர் நன்கறிந்த செய்தி: ஆளெடுப்பு, பேசிய கூலி, மாலைப் பட்டுவாடா, பட்டுவாடாவில் எழும் முறுமுறுப்பு.

ஐந்து வேளைகளில் ஆள் எடுக்கப்படுகின்றனர். விடியலில் வந்தோருக்கு மட்டும் கூலி பேசி முடிக்கப்படுகிறது. ஒன்பது மணிக்கு வந்தோருக்கு நேர்மையானது தரப்படும் என்ற வாக்கு கிடைக்கிறது. நண்பகலிலும் மூன்று மணிக்கும் அவ்வாறே ஆள் எடுக்கப்படுகிறது. ஐந்து மணிக்கு வந்தோரிடம் பழைய கைப்படிகளின்படி கூலிப் பேச்சே இல்லை. மாலையில் கடைசியில் வந்தவர் தொடங்கி எல்லார்க்கும் ஒரே அளவு கூலி தரப்படுகிறது. பகலின் சுமையையும் வெயிலையும் தாங்கியவர் முறையிடுகின்றனர். கூலியையும் பட்டுவாடாவையும் அறிந்த இந்த வாசகருக்கு இக்கதையின் பொருளை மரபான வாசிப்பு எவ்வளவு தருகிறது, எதை மறைக்கிறது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுச் சிக்கலாகும்.

2. பொருள்கோள் மரபு

தொடக்கக்காலத் திருச்சபைத் தந்தையருள் ஓரிகன், பெரிய கிரகோரி ஆகியோர் ஐந்து வேளைகளை உலக வரலாற்றின் ஐந்து ஊழிகளாகக் கண்டனர். குழந்தைப் பருவம் முதல் முதுமை வரையிலான வாழ்க்கைப் பருவங்களில் மனந்திரும்புவோரைக் குறிப்பதாகவும் கொள்ளப்பட்டது. எவ்வாறு கொண்டாலும் தோட்டம், சந்தை, வெயில், காசு ஆகியவை பொருள் தந்தபின் உதிர்ந்துபோகும் போர்வைகளாகவே எஞ்சின.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெர்மானிய அறிஞர் அடோல்ப் யூலிக்கர் இம்முறையை மறுத்து, ஒவ்வோர் உவமைக்கும் ஒரே மையக் கருத்து உண்டு என்றார். சி. எச். டாட் 1935இலும் யோவாக்கிம் எரேமியாஸ் 1947இலும் வெளியிட்ட நூல்கள் உவமைகளை இயேசு வாழ்ந்த பாலத்தீனச் சூழலில் வைத்து வாசித்தன. 1994இல் வெளிவந்த வில்லியம் ஹெர்சாக்கின் நூல் எதிர்முனைக்குச் சென்றது. அவர் கருத்தில் தோட்ட உரிமையாளர் இறைவனின் சாயல் அல்லர். வேலையற்றோரின் கையறுநிலையைப் பயன்படுத்திக்கொள்ளும் பெருநிலக்காரர்.

தமிழில் முதல்வகை வாசிப்புக்குக் கூடுதல் வலிமை உண்டு. 1894இல் வெளிவந்த எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் ஜான் பனியனின் உருவகக் கதையைத் தழுவியது. மாந்தர்க்கும் இடங்களுக்கும் மறைபொருள் கண்டு வாசிக்கும் பழக்கத்தை இத்தகைய நூல்கள் வலுப்படுத்தின. பனியன் எழுதியது தொடக்கத்திலேயே உருவகமாக அமைந்த கதை. இயேசு சொன்னது அன்றாட வாழ்வினின்று எடுத்த உவமை. முன்னதற்குப் பொருந்தும் திறவுகோல் பின்னதற்கும் பொருந்தும் என்ற எண்ணமே மயக்கத்தின் தோற்றுவாய்.

3. தமிழ் உவமக் கோட்பாடு தரும் வழி

தொல்காப்பிய உவமவியல் உவமை பிறக்கும் அடிப்படைகளாக வினை, பயன், மெய், உரு என நான்கைக் குறிப்பிடுகிறது. மெய் வடிவையும் உரு நிறத்தையும் சுட்ட, வினை செயலையும் பயன் விளைவையும் சுட்டுகின்றன. மரபான வாசிப்பு தோட்ட உரிமையாளரின் தோற்றத்தை, அதாவது உடைமையும் அதிகாரமும் உடைய நிலையை, இறைவனோடு ஒப்பிடுகிறது. இஃது ஒருவகையில் மெய்யுவமமாக வாசிப்பதாகும். அதே கதையை வினையுவமமாகவும் பயனுவமமாகவும் வாசித்தால் ஒப்புமை வேறிடத்தில் அமையும். ஒருவர் மீண்டும் மீண்டும் சந்தைக்குச் செல்வது வினை. மாலையில் எல்லாருடைய வீட்டிலும் அடுப்பு எரிவது பயன்.

உள்ளுறை உவமம் பற்றிய தொல்காப்பிய விதியும் இங்கு நினைக்கத்தக்கது. உள்ளுறை தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை நிலைக்களமாகக் கொண்டு அமையும் என்பது அவ்விதி. உணவும் தொழிலும் கருப்பொருள்களுள் அடங்குவன. அகப்பாடலுக்குரிய இலக்கணத்தை யூத மரபில் தோன்றிய உவமைக்கு அப்படியே ஏற்றுதல் இயலாது. ஆயினும் நிலத்தையும் தொழிலையும் கூர்ந்து நோக்கிய பின்னரே உள்பொருள் காணவேண்டும் என்னும் வாசிப்பு ஒழுங்கைத் தமிழ் வாசகர் இங்கிருந்து பெறலாம். கருப்பொருளைத் தாவிக் கடந்து நேரே தெய்வத்தை அடையும் வாசிப்பு இவ்வொழுங்குக்குப் புறம்பானது.

4. இரு மொழிபெயர்ப்புகள்

சீர்திருத்தத் திருச்சபைகள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் பழைய மொழிபெயர்ப்பும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பும் இவ்வுவமையை வெவ்வேறு திசைகளில் நடத்துகின்றன. பழைய மொழிபெயர்ப்பு கிரேக்கச் சொல்லமைப்பைப் பின்பற்றி, பரலோக இராச்சியத்தை வீட்டெஜமான் என்னும் மனிதருக்கு ஒப்பிடுகிறது. பொது மொழிபெயர்ப்பு விண்ணரசைப் பின்வரும் நிகழ்ச்சிக்கு ஒப்பிடுகிறது. அந்நிகழ்ச்சியுள் வருபவரை நிலக்கிழார் என்கிறது. இத்தகைய தொடக்க வாய்பாடு ஆளைக் குறித்தாலும் முழு நிகழ்ச்சியையே ஒப்புமையாகக் கொள்கிறது என எரேமியாஸ் விளக்கியிருப்பதால், பொது மொழிபெயர்ப்பின் தெரிவு பொருள்வழி செம்மையானது.

வேலை கிடைக்காதவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லுக்குத் தொழிலற்றவர் என்பது நேர்ப்பொருள். பழைய மொழிபெயர்ப்பு அவர்களைச் சும்மா நிற்பவர் என்கிறது. தமிழ் வழக்கில் சும்மா என்னும் சொல் சோம்பலையும் உடன் ஏற்றிவிடும். கதையில் அவர்கள் தரும் விடையோ தங்களை யாரும் வேலைக்கு எடுக்கவில்லை என்பதுதான். மாலை ஐந்து மணி வரை சந்தையில் காத்துநின்றவரைச் சோம்பேறி எனக் கொள்ளக் கதையில் இடமில்லை.

கூலியின் பெயரும் நோக்கத்தக்கது. பழைய மொழிபெயர்ப்பில் அது பணம்; பொது மொழிபெயர்ப்பில் தெனாரியம். பணம் என்பது முன்பு ஒரு நாணயத்தின் பெயர். இன்று அது செல்வத்தின் பொதுப்பெயராகிவிட்டது. தெனாரியம் விளக்கம் வேண்டி நிற்கும் அயற்சொல். ஒரு குடும்பத்தின் ஒருநாள் பிழைப்புக்குரிய கூலி என்னும் பொருள் இரண்டிலும் தெளிவாக ஒலிப்பதில்லை. இப்பொருள் விளங்காதபோது உரிமையாளரின் செயல் கணக்கறியாத தாராளமாகத் தோன்றும். விளங்கும்போது, அரைநாள் கூலியால் அரைக் குடும்பத்துக்கு உணவிட முடியாது என்னும் எளிய அறிவு அச்செயலின் அடியில் இருப்பது புலப்படும்.

பழைய மொழிபெயர்ப்பு முந்தி நிற்கும் இடமும் உண்டு. முறையிட்டவரிடம் உரிமையாளர் கேட்கும் கேள்வியில் கிரேக்க மூலம் தீய கண் என்கிறது. பொது மொழிபெயர்ப்பு அதனைப் பொறாமை என்கிறது. பழைய மொழிபெயர்ப்பு வன்கண்ணன் என்னும் சொல்லை ஆள்கிறது. திருக்குறளின் ஈகை அதிகாரத்தில் (228) ஈந்து மகிழும் இன்பம் அறியாமல் பொருளைச் சேர்த்துவைத்து இழப்போர் வன்கணவர் எனப்படுகின்றனர். பிறர் பெறுவதைக் காணப் பொறாத கண்ணும், பிறர்க்கு ஈயாத கண்ணும் ஒன்றே என்னும் நுட்பம் இச்சொல்லால் தமிழுக்குக் கிட்டுகிறது.

5. உழைப்பு என்னும் வாதம்

முறையிடுவோரின் வாதம் திருப்பூருக்குப் புதிதன்று. இந்நகரின் தொழில் எழுச்சியை ஆராய்ந்த ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட நூலில், தொழிலாளராகத் தொடங்கி முதலாளியாக உயர்ந்த கவுண்டர் சமூகத்தினர் தம் வளர்ச்சிக்கு உழைப்பையே காரணமாகக் காட்டுவதை விரிவாக விளக்குகிறார். வேளாண்மையில் பழகிய உடலுழைப்பு பனியன் தொழிலில் மூலதனமாயிற்று என்பது அவர்களின் தன்வரலாற்றுக் கூற்று. அக்கூற்றில் உண்மை உண்டு. அதே வேளையில் நிலவுடைமை, உறவுமுறை, சாதிவழிக் கடன் வசதி ஆகியவற்றால் சிலருடைய உழைப்பு மட்டும் முதலாக மாறியதை அது பின்னுக்குத் தள்ளுகிறது. 1984இல் பஞ்சப்படி கோரி 127 நாள்கள் நடந்த வேலைநிறுத்தத்தில், உழைப்பின் பயன் யாருக்கு என்ற கேள்வியே எழுந்தது.

உவமையின் முதற்குழுவினர் பகலின் சுமையைத் தாங்கியவர். அவர்கள் உழைப்பு பொய்யன்று. பேசிய கூலியும் குறையவில்லை. அவர்கள் முறையீட்டின் மையம் பின்னால் வந்தவரைத் தங்களுக்குச் சமமாக்கியது என்பதாகும். கூலியைப் பற்றித் தொடங்கிய பேச்சு தகுதியைப் பற்றியதாக மாறும் இடம் இது. திருப்பூரில் இன்று ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர் பெருமளவில் உள்ளனர். அவர்களுக்கு முன் தென்மாவட்டங்களிலிருந்து வந்தோர், அவர்களுக்கும் முன் சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்து வந்தோர் என வேளைதோறும் ஆள் சேர்ந்த ஊர் இது. 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவியபோது அவர்களிடையே அச்சம் மூண்டு, பலர் ஊர் திரும்பினர். வதந்தி அவ்வளவு எளிதில் நம்பப்பட்டதற்கு, முன்வந்தோர்க்கும் பின்வந்தோர்க்கும் இடையே ஏற்கெனவே நிலவிய விலகலும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு. ஐந்து மணிக்கு வந்தவர் யார் என்ற கேள்விக்கு இவ்வூரின் வாசகர் வானுலகை நோக்க வேண்டியதில்லை. அடுத்த மெஷினில் இருப்பவரை நோக்கினால் போதும்.

ஈண்டு மதுரைத் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய ஜே. தியாபிலஸ் அப்பாவு வலியுறுத்திய ஒரே உலை என்னும் கருத்து துணைசெய்கிறது. தலித் வாழ்வினின்று எழுந்த இறையியலில் அவர் ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்ணும் கூட்டுக்குடும்பத்தை இறையாட்சியின் படிமமாக்கினார். அவ்வீட்டில் யார் எவ்வளவு உழைத்தார் என அளந்து சோறு போடுவதில்லை. எல்லார்க்கும் ஒரே கூலி என்னும் உவமையின் முடிவு, சாதி பார்த்து உலை பிரிக்கும் சமூகத்தில் இதே அதிர்ச்சியைத் தருகிறது.

6. தள்ளிவைக்கப்பட்ட மாலை

உவமையில் கூலி கொடுக்கப்படும் வேளை தற்செயலானதன்று. கூலியாளின் ஊதியத்தை மறுநாள் விடியும்வரை வைத்திருத்தல் ஆகாது என்று லேவியர் நூலும் (19:13), அவர் ஏழையாதலால் கதிரவன் மறையுமுன் தந்துவிட வேண்டும் என்று இணைச்சட்ட நூலும் (24:14-15) விதிக்கின்றன. யாக்கோபு திருமுகமோ (5:4) பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதாகக் கூறுகிறது. உவமையின் உரிமையாளர் எவ்வளவு தாராளமானவராயினும், அவர் முதலில் செய்வது சட்டத்துக்குக் கீழ்ப்படிவதே. தாராளம் அதன் மேல் எழுகிறது.

இதற்கு மறுதலையான ஏற்பாடு ஒன்று திருப்பூருக்கு நூல் வழங்கும் ஆலைப் பகுதிகளில் பரவியிருந்தது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் வட்டாரங்களின் நூற்பாலைகள் பலவற்றில் இளம்பெண்கள் ஏறத்தாழ மூன்றாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டு, விடுதியில் தங்கவைக்கப்பட்டனர். மாதந்தோறும் சிறுதொகை தரப்பட்டது. ஒப்பந்த முடிவில் திருமணச் செலவுக்கென ஒரு மொத்தத் தொகை தரப்படும் எனச் சொல்லப்பட்டது. இதற்குச் சுமங்கலித் திட்டம் என்று பெயர். நெதர்லாந்தைச் சேர்ந்த இரு அமைப்புகள் 2011இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, இப்பெண்களுள் பெரும்பகுதியினர் ஏழைத் தலித் குடும்பத்தினர் என்பதையும், நடமாட்டக் கட்டுப்பாடு, மிகை வேலைநேரம் ஆகியவற்றையும் பதிவுசெய்தது. நோயாலோ பிற காரணத்தாலோ இடையில் வெளியேறியவர்கள் அம்மொத்தத் தொகையை இழக்க நேர்ந்ததும் அதில் சுட்டப்பட்டது. வரதட்சணை 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. ஆயினும் அத்தேவையையே காட்டிக் கூலி பிடித்துவைக்கப்பட்டது.

திட்டத்தின் பெயரே ஒரு பொருள்கோள். உழைத்த பெண்ணுக்கு உரிய கூலி, வருங்காலச் சுமங்கலிக்குத் தரப்படும் கொடையாக மாற்றிச் சொல்லப்படுகிறது. உரிமை பரிசாகிறது, இன்றைய மாலை மூன்றாண்டுக்கு அப்பால் நகர்கிறது. மாலையை இறுதித் தீர்ப்பு நாளாகவும் கூலியை மறுமைப் பேறாகவும் மட்டும் காணும் மரபான வாசிப்பும் வடிவில் இதனை ஒத்திருக்கிறது. அவ்வாசிப்பை மேற்கொண்டோர் இத்தகைய திட்டத்தை ஆதரித்தனர் என்பது இங்குக் கருத்தன்று. பொறுத்திரு, முடிவில் கிடைக்கும் என்னும் மொழியை ஆலையும் மேடையும் ஒருசேரப் பேசும்போது, கேட்பவருக்கு அவற்றைப் பிரித்தறியும் கருவி இல்லாமற்போகிறது என்பதே கருத்து. அக்கருவி உவமைக்குள்ளேயே உள்ளது. அதில் வரும் மாலை, உழைத்த அதே நாளின் மாலை.

7. மறுப்புகளும் விடைகளும்

இவ்வாசிப்புக்கு மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது, மத்தேயு இவ்வுவமையைச் சீடருக்குரிய கைம்மாறு பற்றிய பேதுருவின் கேள்விக்குப் பின் (19:27) வைத்து, கடைசியானோர் முதன்மையாவர் என்னும் கூற்றுகளுக்கு இடையே பொதிந்துள்ளார். ஆதலின் இது அருளைப் பற்றியது, கூலியைப் பற்றியதன்று என்பது. மத்தேயுவின் நோக்கம் அதுவே. ஆயினும் அருள் என்னும் கருத்து கூலியின் எடையால்தான் எடை பெறுகிறது. ஒருநாள் கூலி இல்லாத வீட்டின் நிலையை உணராதவர்க்கு, ஐந்து மணியாளர் பெற்றதன் பெருமை விளங்காது.

இரண்டாவது, ஹெர்சாக் கூறுவதுபோல் உரிமையாளரை ஒடுக்குபவராகவே காண்பது நேர்மையானதல்லவா என்பது. தன் பொருளைத் தன் விருப்பப்படி செய்யத் தனக்கு உரிமை உண்டு என அவர் கூறுவதும், முறையிட்டவரைத் தோழர் என்று விளித்துக் கடிந்துரைப்பதும் உறுத்தலுக்குரியன. மத்தேயு நற்செய்தியில் அவ்விளிச்சொல் வரும் மூன்று இடங்களும் (20:13, 22:12, 26:50) இனிமையானவை அல்ல. எனினும் இலாப நோக்குடையவர் ஐந்து மணிக்கு ஆள் எடுத்து முழுநாள் கூலி தருவதை இவ்வாசிப்பால் விளக்க முடிவதில்லை. உரிமையாளரை இறைவனாக்கினால் அவர் விருப்புரிமை புனிதமாகிறது. கொடியவராக்கினால் கதையின் வியப்பு அழிகிறது. நிகழ்ச்சியை ஒப்புமையாகக் கொள்ளும்போது இவ்விரண்டும் நேர்வதில்லை. தன் உடைமையைப் பற்றி அவர் சொல்வது, குறைத்துக் கொடுக்கும் முதலாளிக்கு மேற்கோளாகவும் முடியாது. அவர் அதைச் சொல்வது கூடுதலாகக் கொடுத்த பின்னரே.

மூன்றாவது, ஒரு நாள் நிகழ்ந்த தாராளத்தைக் கூலிக் கொள்கையாக்க இயலாது என்பது. இம்மறுப்பு ஏற்கத்தக்கது. திருப்பூரில் கூலியை முடிவுசெய்பவை உற்பத்தியாளர் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் செய்துகொள்ளும் ஒப்பந்தங்களும் அரசின் சட்டங்களும் ஆகும். உவமை அவற்றின் இடத்தைப் பிடிக்காது. தொழிலாளியின் உரிமை ஒருவருடைய நல்லெண்ணத்தைச் சார்ந்திருத்தலும் ஆகாது. உவமை தருவது ஓர் அளவுகோல்: வேலை கிடைக்காதவர் எத்தனை பேர் இன்னும் நிற்கின்றனர், கிடைத்த கூலி அந்நாளுக்குப் போதுமா, அது உரிய வேளையில் வந்ததா என்னும் மூன்று கேள்விகள். ஒப்பந்தத்தையும் சட்டத்தையும் இக்கேள்விகளால் அளந்து பார்க்கலாம்.

8. முடிவுரை

திராட்சைத் தோட்டத் தொழிலாளர் உவமையை மாந்தருக்கு மாந்தர் நிகர் காணும் முறையில் வாசித்தல், கூலியாளின் உலகைப் போர்வையாக்கி அகற்றிவிடுகிறது. வினையும் பயனும் பற்றிய தமிழ் உவமக் கோட்பாடும், நிகழ்ச்சிக்கு ஒப்பிடும் பொது மொழிபெயர்ப்பும், வன்கண் என்னும் பழைய மொழிபெயர்ப்பின் சொல்லும் அவ்வுலகை மீட்டுத் தருகின்றன. அவ்வாறு மீட்கப்பட்ட வாசிப்பில், பின்வந்தவரைச் சமமாகக் காண மறுக்கும் உழைப்பின் செருக்கும், கூலியைப் பரிசாக்கித் தள்ளிவைக்கும் ஏற்பாடும் கேள்விக்குள்ளாகின்றன. ஊதாரி மைந்தன், தாலந்து, பணிசெய்யும் அடியார் முதலிய ஏனைய உவமைகளையும் இவ்வழியில் ஆராய இடமுண்டு. குறிப்பாக, முதலைப் பெருக்காத ஊழியர் தண்டிக்கப்படும் தாலந்து உவமை, கடனும் முன்பணமும் ஆளும் விசைத்தறிப் பகுதிகளில் எவ்வாறு கேட்கப்படுகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

சனிக்கிழமை மாலையில் சம்பளக் கவரை எண்ணிப் பார்த்துவிட்டு ஞாயிறு காலையில் இவ்வுவமையைக் கேட்பவர்க்கு, முதல்நாள் மாலையைப் பற்றி ஒன்றும் சொல்லாத விளக்கம் பாதி விளக்கமே ஆகும்.